யன்னலைத் திறந்துவைத்த வீடு

ஸ்காபரோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "அம்மான்ரை செத்தவீட்டுக்கு ஊரே வந்தது அன்ரி. ஆனா ஒருத்தருக்கும் அம்மாவைத் தெரியாது."

"எந்த ஊர், பிள்ளை?"

"அயர்லாந்திலை. இஞ்சை வாறதுக்கு முதல் அங்கை ஒரு கிராமத்திலை இருந்தனாங்கள். அம்மா யாழ்ப்பாணத்திலை மோசம்போனவா. விசா அலுவல் முடியேல்லை, என்னாலை போகேலாமல் போச்சு."

"பிறகு?"

"விசயம் கேள்விப்பட்டு, பின்னேரம் மாடு வளக்கிறவை, கடைக்காரர் எல்லாரும் சான்ட்விச்சோடை எங்கடை வீட்டுக்கு வந்திட்டினம். ஒவ்வொருத்தரா என்ரை கையைப் பிடிச்சினம். அம்மான்ரை படத்துக்கு முன்னாலை இருந்து, அவ என்ன சமைப்பா, கோவக்காரியோ எண்டெல்லாம் கேட்டினம். பக்கத்துவீட்டுக் கிழவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். செத்தவையின்ரை உயிர் வெளியாலை போறதுக்கு அங்கை அப்பிடித்தான் செய்வினமாம்."

"கொம்மா மோசம்போனது யாழ்ப்பாணத்திலையெல்லே?"

"நானும் உதைத்தான் சொன்னன். அதுக்கு அவர், 'உன்னைப் பாக்காமல் போவாவோ? வந்திட்டுப் போகட்டும்' எண்டார். அதுவரைக்கும் நான் அழேல்லை அன்ரி."

மூத்தவர், "குளிரில்லையே?" என்று கேட்டார்.

"மார்கழி மாசம், சொல்லவும் வேணுமே? நான் யன்னலைப் பூட்டப் போனன், அவை விடேல்லை. எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பிடியே இருந்திச்சினம்."