ஜூட்டுக்கு நான் கொடுத்த சீக்கு

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று, வலது கையை விவிலியத்தின் மேலும் இடது கையை என் சர்க்கரை மாத்திரை டப்பாவின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இரண்டையும் தினமும் கையில் எடுப்பவன் நான். இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகத் திறக்கிறேன். எதை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், சாமி. நீங்கள் நாகரிகம் தெரிந்தவர்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னப் பங்குக் கோயிலுக்குச் சாமியாராக மாறுதலாகி வந்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். முதல் வெள்ளிதோறும் நடக்கும் முழு இரவு செபத்தில், முன்வரிசை நாற்காலியில் சால்வை போர்த்திக்கொண்டு ஜூட் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சுகத்துக்காக எல்லாரும் மன்றாடுகிறீர்களே, அவருக்கு என்னதான் நோய் என்றீர்கள். பங்குப் பேரவையில் ஒருவர் நுரையீரல் என்றார். இன்னொருவர் நரம்பு என்றார். அன்னாள் அக்கா, "வெளிய சொல்லக்கூடாத சீக்குங்க சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியை எண்ணப் போய்விட்டேன். செபத்துக்கு ஏற்பாட்டாளன் நான். விவரம் முழுதும் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அதனால் எழுதியே தருகிறேன்.

முழு இரவு செபம் நடத்துவது போர்க்கிணறு போடுவதைப் போன்ற வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடக்கே பல ஊர் சுற்றியவன் என்பதால் சொல்கிறேன். எங்கே குழாய் இறக்குவது என்று முதலில் சண்டை, இறக்கிய பிறகு தண்ணீர் வருமா என்று கவலை, விடிகிற வரைக்கும் யாரும் தூங்கக்கூடாது. நாற்காலிக்குச் சொல்லவேண்டும். சுக்குக் காபிக்கு அண்டா வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். இதையெல்லாம்விடக் கஷ்டம், எந்த அன்பியத்துக்கு எந்த மணி என்று பிரித்துக்கொடுப்பது. தெருவுக்கு ஒரு செபக்குழுவாக அன்பியம், அன்பியத்துக்கு ஒரு கோபம். சாப்பாட்டுக்குப் பிந்திய மணி எல்லாருக்கும் வேண்டும். கோழி கூவுவதற்கு முந்திய மணி யாருக்கும் வேண்டாம்.

"எங்க தெருவுல அத்தன பேருக்கும் சக்கரைங்க. முழிச்சிருக்க முடியாதுங்க" என்பார் அன்னாள் அக்கா.

"சக்கரை இருக்கறவங்களுக்குத்தானுங்க்கா ராத்திரில அடிக்கடி முழிப்பு வரும்" என்பேன். அந்த மணியை அவர்கள் தலையில் கட்டிவிடுவேன்.

இத்தனை திறமை இருந்தும் மைக் மட்டும் என் கைக்கு வந்ததில்லை. மைக் ஜூட்டுடையது. சேகோ ஆலையில் மரவள்ளி அரைக்கும் மோட்டாருக்கு மேலே கத்திக் கத்தி விளைந்த தொண்டை அவருடையது. பாட்டு, செபமாலை, மன்றாட்டு எல்லாம் அவர்தான். அவர் மன்றாட்டைத் தொடங்கியபோது அடையில் உட்கார்ந்த கோழி ஒன்று, அவர் முடித்தபோது குஞ்சுகளோடு கோயில் வாசலைக் கடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நானோ ரிக் சத்தத்துக்குள் ஆயுளைக் கழித்தவன். நான் பேசியது எனக்கே கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் மருமகளின் டிவி. ஒரே ஒரு தடவை, எழுந்து போகமுடியாத இடத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, நான் சொல்வதைக் கடைசிவரை கேட்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கு முன்னால் இருந்த சாமியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஜூட் இருக்கும்போது உங்களுக்கு எதற்குச் சிரமம், லாசர்? நீங்கள் நாற்காலியைப் பாருங்கள்" என்றார். ஜூட்டிடம் நான் கேட்கவேயில்லை. கையில் இருப்பதை யார் கொடுப்பார்கள்?

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய சுகத்துக்காகச் செபமோ அவர் அன்றைக்குப் பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது, மைக்கைத் தொடக்கூடாது. முன்வரிசையில் உட்கார்ந்து செபத்தை வாங்கிக்கொள்ளவேண்டும். யோசித்துப் பார்த்தேன். மைக்குக்கும் எனக்கும் நடுவே நின்றது ஜூட்டின் ஆரோக்கியம் மட்டும்தான்.

நான் யாரையும் அடிக்கவில்லை. சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. கைலாசத்தின் டீக்கடைக்குப் போய், வந்த டீயைக் குடிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ண்ணா, டீ ஆறுதுங்க" என்றார் கைலாசம்.

"ஜூட்ட நெனச்சா வெசனமா இருக்குது கைலாசம். ஆருகிட்டயும் சொல்லிராதே."

"ஐயோ, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒண்ணுமில்லையை நான் சொன்ன விதத்தில் ஒரு யானையைப் படுக்கவைக்கலாம்.

கைலாசம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் எங்கள் கோயில் மணிக்கு எட்டாத வீடுகளுக்கும் அவர் கடைச் செய்தி எட்டும். அன்று சாயங்காலமே அன்னாள் அக்கா ஆப்பிளோடு ஜூட் வீட்டில் நின்றார்.

"ஏந் தம்பி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே!"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா" என்றார் ஜூட்.

ஒன்றுமில்லை என்று நோயாளியே சொன்னால் முற்றிவிட்டது என்று அர்த்தம். பின்னாலேயே மற்ற அன்பியங்கள் வந்தன. ஓர் அன்பியம் ஆப்பிள் கொண்டுபோனால் அடுத்த அன்பியம் அதைவிடப் பெரிய ஆப்பிள் கொண்டுபோகத்தானே வேண்டும்? மல்லசமுத்திரம் பழக்கடைகளில் ஆப்பிள் கிடைக்கவில்லை. ஜூட் வீட்டு வெள்ளாடுகள் புல்லைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அவர் மனைவி ஜாக்குலின் கறிக்குழம்பை நிறுத்திக் கஞ்சி ஊற்றினார். கஞ்சி குடித்தவர் இளைத்தார். இளைத்தவரைப் பார்த்தவர்கள் பயந்தார்கள். பயந்தவர்களைப் பார்த்து ஜூட் படுத்துவிட்டார்.

சேலத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. "கண்டுபுடிக்கவே முடியலியாமுங்ண்ணா" என்று ஜாக்குலின் என்னிடம் அழுதார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது.

பழைய சாமி வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். எண்ணெய் பூசும்போது கால்மாட்டில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். திரும்பி வருகிற வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் போய், வேப்பமர நிழலாக ஓர் இடமும் பார்த்துவைத்தேன். முன்யோசனை இல்லாதவன் எதற்கு ஏற்பாட்டாளனாக இருக்கவேண்டும்?

முதல் வெள்ளி வந்தது. ஜூட்டைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்வரிசையில் மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்தார்கள். மைக் என் கைக்கு வந்தது. பேசினேன், சாமி. ஜூட்டின் சுகத்துக்காகத்தான் தொடங்கினேன். எப்படியோ பஞ்சாப் வந்துவிட்டது. அங்கே ஒரு கோதுமைக்காட்டில் நாங்கள் போட்ட போரில் தண்ணீருக்குப் பதிலாகச் சுடச்சுட மோர் வந்ததையும், அந்த ஊர்ப் பஞ்சாயத்து அதற்கு உப்புப் போட ஓர் ஆளை நியமித்ததையும் விவரமாகச் சொன்னேன். கூட்டம் முழுவதும் கண்ணை மூடிக் கேட்டது. கோழி கூவுவதற்கு முந்திய மணியில், சர்க்கரைக்காரர்கள்கூட அசையவில்லை.

ஜூட்டைப் பார்த்தேன். தலை சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, முகத்தில் ஒரு புன்னகை. அப்படி ஓர் அமைதி சாகப்போகிறவர்களுக்குத்தான் வரும் என்று அந்த வேப்பமர நிழலை நினைத்துக்கொண்டேன். ஜாக்குலின் என் பக்கம் குனிந்து, "இவிங்க இப்படித் தூங்கி வருசக்கணக்காச்சுங்ண்ணா. எல்லாம் உங்க செபந்தான்" என்றார். குற்றவாளிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

அன்றைக்குப் படுத்தவர் இன்றுவரை தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறார், தெம்புக்காக. ஆத்தூர்க் கல்யாணத்துக்குப் போய் வந்தார், காற்று மாறுவதற்காக. முதல் வெள்ளி நெருங்கினால் மட்டும் சால்வை ஏறிவிடுகிறது. மனசாட்சி உறுத்திப் போன மாதம் கேட்டேன்.

"ஜூட்டு, ஒடம்பு தேறிருச்சா? மைக்க வாங்கிக்கறியா தம்பி?"

இரண்டு இருமல் இருமினார். "இன்னும் முடியலீங் லாசரண்ணா. நீங்களே பேசுங்க. உங்க கொரல் கேட்டாத்தான் எனக்குக் கண்ணச் சொக்குது."

என் தொண்டை போய்விட்டது, சாமி. மாதாமாதம் விடியவிடியப் பேசிப் பேசி, இப்போது மருமகளிடம் காபி கேட்கக்கூடச் சைகைதான். பஞ்சாபும் தீர்ந்துவிட்டது, ராஜஸ்தானும் தீரப்போகிறது. வேறு யாராவது பிடியுங்களேன் என்றால் எல்லாரும் நாற்காலியை எண்ணப் போய்விடுகிறார்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கல்லுப் போல இருந்த மனிதரை நோயாளியாக்கியவன் நான். திட்டம் என்னுடையது, பொய் என்னுடையது, நடத்தி முடித்தவனும் நான். இதில் வேறு யாருக்கும் ஒரு துளி பங்கும் கிடையாது. தண்டனையாக மைக்கை நீங்கள் பிடுங்கிக்கொண்டால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

எழுத விட்டுப்போனது ஒன்று உண்டு. கைலாசத்தின் கடைக்கு நான் போனதற்கு முந்தின நாள், ஜூட் என் வீட்டுக்கு வந்து, தனக்குக் கொஞ்ச நாளாகவே உடம்புக்கு முடியவில்லை என்றும், அதை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்றும், மறுநாள் நான் கைலாசத்திடம் பேசிய அதே குரலில் என்னைக் கேட்டுக்கொண்டார்.