பழைய விண்டோஸுக்கு ஓர் அனுமதி

அலுவலகக் கணினியில் எதை மாற்றுவதானாலும் தலைமையகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்பது தேயிலைத் தோட்ட நிர்வாக விதி. நல்ல விதிதான். தலைமையகம் கொழும்பில் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தோட்ட அலுவலகப் பெண்கள் இருவர்.

“பத்தாந் தேதிக்கு மேல திரும்பிப் போக முடியாதாம் அக்கா,” என்றாள் இளையவள்.

“எங்கடி போகப் போற?”

“நான் இல்லக்கா, கம்பியூட்டரு. புது விண்டோஸ் போட்டதுலருந்து கொழுந்துத் தராசு சொல்றது அதுக்கு ஏறவே மாட்டேங்குது. நிறுவைய கையால எழுதுறேன். ‘இன்னைக்கு எங்க கணக்குல எத்தன கிலோ வெட்டுன?’ன்னு கொழுந்து பறிக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க.”

“பழசுக்கே மாத்திரு. ஒரு பட்டன்தானே?”

“அது பத்தாந் தேதியோட மறைஞ்சிரும். கேக்காம அமுக்குனா என் வேல போயிரும். கடிதம் போட்டிருக்கேன்.”

“கொழும்புக்கா? வெளங்கும்!”

மாதக் கடைசியில் அதே பஸ்ஸில் மறுபடி அவர்களைப் பார்த்தேன். இளையவளின் விரலில் பேனா மை.

“பதில் வந்துச்சாடி?”

“வந்துச்சுக்கா. தாராளமா பழசுக்கு மாத்திக்கலாமாம்.”

“எப்ப வந்துச்சு?”

“பதினோராந் தேதி.”