புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

துருவுக்குப் புளிதான் மருந்து. எலுமிச்சை என்பார்கள், நம்பாதீர்கள். எலுமிச்சை மேலுக்குப் பளபளப்புக் காட்டி ஏமாற்றிவிடும். புளி பொறுமையாக உள்ளே போய்க் காரியத்தை முடிக்கும். அதிலும் புதுப்புளி ஆகாது. போன வருஷத்துப் புளி, கறுத்துப்போனது, கூடக் கொஞ்சம் கல்லுப்பு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று நஜ்முதீனை விசாரிக்க அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். 'குழலை இவ்வளவு சுத்தமாத் துலக்கியிருக்குன்னா, இரும்பு வேலை தெரிஞ்சவன் கைதான்' என்று வாசலில் நின்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. மோட்டார் பழுது பார்க்கிற பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் தம்பி, அவன் டீக் குடிக்கிற டம்ளரைப் பார்த்திருக்கிறீர்களா? அவன் அம்மா ரோஷன் பேகம் எனக்கு அடுத்த வீடு. 'இவன் கழுவுன பாத்திரத்த நா மறுபடி கழுவணும்க்கா' என்று அவள் புலம்பாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு இந்த வேலையின் பெயர் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்காருங்கள். வாசலில் நிற்கிற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரையும் உள்ளே கூப்பிடுங்கள், வெயில் கொளுத்துகிறது.

துப்பாக்கி என் மாமனாருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா அவர். அவருக்குப் பிறகு அது இளைய பிள்ளைக்குப் போயிற்று. இளையவர் என்றால் என் கொழுந்தனார் சிவநாதன். மூத்தவர் என் வீட்டுக்காரர், பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் தங்கப்பன். பாகம் பிரித்தபோது இவருக்குக் கிணறும் அவருக்குத் துப்பாக்கியும் என்று ஆனது. கிணற்றை நான் வருஷா வருஷம் தூர் வாரினேன். துப்பாக்கியை அவர் கூடத்துச் சுவரில் மாட்டி, மாலை போட்டார்.

நம் ஊர்க் கடற்காற்றில் அரிவாள்மனையே இரண்டு நாள் சும்மா கிடந்தால் சிவந்துவிடும். அந்தக் குழலுக்குள் துரு அடை அடையாகக் கட்டிக் கிடந்தது. குடைக்கம்பியை விட்டால் பாதியில் நின்றுவிடும். குண்டு என்று ஒன்றைப் போட்டாலும் அது தன் இடத்தில் போய் உட்காராது. விசை மட்டும் 'டிக்' என்று அடிக்கும். அந்த 'டிக்' போதுமாக இருந்தது அவருக்கு.

பிரெஞ்சு தேசிய தினம், ஜூலை பதினாலு வந்தால் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் எல்லாம் கொடி ஏற்றிவிட்டு நேராக அவர் வீட்டுக்கு வருவார்கள். பாட்டில் திறக்கும். நான் சுழியன் போட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு போவேன். அவர் துப்பாக்கியை இறக்கி, பின்னால் இருக்கிற குமிழை இழுத்துவிட்டு, முதலில் குழல் வாயைத் தன் பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்ப்பார். 'உள்ள கும்மிருட்டுய்யா! சொல்தா மகன், மொதக் குண்டு எனக்கு!' என்பார். டிக். எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்தது என் பக்கம் திரும்பும். 'அண்ணி, கையத் தூக்குங்க!'

முதல் வருஷம் நான் நிஜமாகவே பயந்து கையைத் தூக்கிவிட்டேன். சுழியன் எல்லாம் தரையில். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அடுத்த வருஷத்திலிருந்து தட்டோடு சேர்த்துத் தூக்கப் பழகிக்கொண்டேன். எதற்கும் பழகிக்கொள்ளலாம், தம்பி.

கடைசியாக அண்ணன் முறை. இவரும் விளையாட்டுக்காரர்தான். 'ஐயோ, சுட்டுட்டானே!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகும் சரிந்தார். ஒரு வருஷம் 'ஐயோ' சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்தார், நாற்காலியிலிருந்து நழுவினார். அவ்வளவுதான். இந்தத் தடவை நடிப்புப் பிரமாதம் என்று எல்லோரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் எழுப்பிய பிறகுதான் தெரிந்தது.

இதற்காக நான் சிவநாதன் மேல் கோபப்படவில்லை. டாக்டரே, எந்த நேரமும் நடக்கக்கூடியதுதான் என்றார். கொழுந்தனாரும் அழுதார், காரியம் எல்லாம் முன்னால் நின்று செய்தார். மறு ஜூலைக்குத் துப்பாக்கியை இறக்க மாட்டார் என்று நினைத்தேன். இறக்கினார். புதிதாக வந்த ஒருவரிடம், 'இது லேசுப்பட்ட துப்பாக்கி இல்லீங்க. குண்டே இல்லாம எங்க அண்ணனயே சுட்டுருக்கேன்' என்றார். எல்லோரும் அண்ணாந்து சிரித்தார்கள். அதற்கடுத்த வருஷமும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. இவர் சரிந்த விதத்தையும் நடித்துக் காட்டத் தொடங்கினார். நான் தட்டோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

இந்தச் சித்திரையில் அவர் பாரீசுக்குப் போனார், மகன் மாறன் வீட்டுக்கு. சாவியை என்னிடம் கொடுத்தார்.

'அண்ணி, நா திரும்பி வர்றப்ப வீடு கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒரு தூசு இருக்கப்படாது' என்றார்.

வீடு என்றாரே ஒழிய, துப்பாக்கி நீங்கலாக என்று சொல்லவில்லை. அதை மட்டும் இரவல் எடுத்து வந்தேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இதையே செய்து காட்டினார். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. துருவைப் பார்த்து அவர் முகம் போன போக்கு நன்றாகப் புரிந்தது. என் ஜாதி அவர். முதலில் மண்ணெண்ணெய். குழல் வாயை அடைக்க, கொழுந்தனார் குடித்துப் போட்ட பாட்டிலின் தக்கையே கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு புளிக்கரைசலை ஊற்றி, பின்கட்டு மூலையில் நிறுத்தி, மேலே என் பழைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரோஷன் பேகம் தன் தூக்குவாளியைத் தேடி வந்தாள்.

'என்னக்கா, மூலையில யாருக்குச் சேலை கட்டி நிறுத்தி வச்சிருக்கீங்க?'

'பழைய குழாய் தங்கச்சி. புளித்தண்ணியில ஊறுது.'

'நல்ல கூத்து! எனக்கு நீங்க பெருநாளைக்கிக்கூடச் சேல எடுத்துத் தரல, குழாய்க்குக் கட்டி அழகு பாக்குறீங்க. என் தூக்கு எங்க?'

கொடுத்தேன். அவள் கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்கு. நாலு அச்சு வெல்லம் போட்டுத்தான் கொடுத்தேன்.

'ஒரு நாளாச்சும் சும்மா குடுங்களேன்க்கா. எனக்குச் சர்க்கர இருக்கு!'

'வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுத்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாதுடி. கொழுக்கட்டை செஞ்சு பேரப்புள்ளைக்குக் குடு.'

அவள் போன பிறகு தக்கையை எடுத்தேன். டிகாஷன் மாதிரி வடிந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டேன். குடைக்கம்பி நுனியில் துணி சுற்றி இழுத்தேன். இவருடைய எட்டு முழ வேட்டி. பருத்தி பழகப் பழகத்தான் துடைக்கத் தோதாக இருக்கும். பழுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக, ஒரு நாள் வெள்ளையாகவே வந்துவிட்டது. கடைசியில் தையல் மிஷின் எண்ணெய். செல்போன் விளக்கைப் பின்னால் பிடித்து உள்ளே பார்த்தேன். முறுக்குப் பிழிந்த மாதிரி வரிகள் சுழன்று சுழன்று போகின்றன, தம்பி. அங்கங்கே அரித்த குழி இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. இவ்வளவு அழகை இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தார்களே என்று மனசு ஆறவில்லை.

வாய் ஓரத்துத் துருவை மட்டும் விட்டுவைத்தேன். அது அவருக்குப் பழகிய முகம். திடீரென்று மாற்றினால் சங்கடப்படுவார்.

அப்போது மொட்டை மாடியில் சுண்டைக்காய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. மாமியாருடைய பல்லாங்குழிப் பெட்டியில், புளியங்கொட்டைகளுக்கு நடுவே மாமனார் காலத்து, விரல் நீளப் பித்தளைச் சாமான் ஒன்று கிடந்தது. அதையும் வற்றலோடு வெயிலில் போட்டேன். ஈரம் இருந்தால் எதுவும் உதவாது.

கொழுந்தனார் வருவதற்கு முன்னால் துப்பாக்கியை அதே ஆணியில் மாட்டி, பழைய மாலையையே போட்டுவிட்டேன். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, 'அண்ணி கை பட்டாலே தனி' என்றார். பாரீசிலிருந்து எனக்கு ஒரு சோப்பு வாங்கி வந்திருந்தார். நல்ல வாசனை.

முந்தாநாள் எல்லோரும் வந்தார்கள். துப்பாக்கியை இறக்கினார். நான் தட்டோடு நின்றேன். அவர் வரிசையை மாற்றி என்னை முதலில் குறி பார்த்திருந்தால், இப்போது உங்களோடு நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் வழக்கம் என்றால் வழக்கம்தான். அந்த விஷயத்தில் அவரை நான் முழுக்க நம்பினேன். குமிழை இழுத்தார், குழலைத் தன் பக்கம் திருப்பினார், எட்டிப் பார்த்தார். 'உள்ள கும்மிருட்டுய்யா' என்று சொல்லி முடித்தார்.

சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், இவருக்குச் சிரித்த மாதிரியே. நான் கையைத் தூக்கியிருந்தேன். ஒரு சுழியன்கூடக் கீழே விழவில்லை.

அவ்வளவுதான் தம்பி. துலக்கியது நான். நஜ்முதீனை அனுப்பிவிடுங்கள், அவன் அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் தீங்கு நினைத்து நான் எதுவும் செய்யவில்லை. அழுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, என் சுபாவம் அது.

குண்டா? இரவல் வாங்கியதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.