நாற்சந்தியில் பச்சை

என் மனைவி சிரிக்கத் தொடங்கினால் விக்கல் வரும்வரை நிறுத்த மாட்டாள், ஐயா. அதைக் கேட்கத்தான் இதைச் செய்தேன்.

நாற்சந்தியில் காற்றின் தரத்தைக் காட்டும் பலகை இருக்கிறது அல்லவா, அதன் கருவியைப் பராமரிப்பது என் வேலை. மோசமென்றால் சிவப்பு, நல்லதென்றால் பச்சை. அவளுக்கு இதயம் பலவீனம். "நுண்தூசி நுரையீரலோட நிக்காதும்மா, ரத்தத்துல கலந்து குழாயை இறுக்கும். பலகை பச்சையா இருந்தா மட்டும் வெளிய நடங்க" என்றார் டாக்டர்.

பலகை சிவப்பாகவே இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிப்பையே மறந்துபோனாள்.

கருவி பூஜ்யத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அது காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு வடிகட்டியை மாட்டுவோம். அது இருக்கும்வரை தூசி உள்ளே போகாது, பலகை பச்சைதான்; பார்த்ததும் கழற்றிவிட வேண்டும். அவள் பிறந்தநாளன்று நான் கழற்றவில்லை.

"ஏங்க, பச்சைங்க. சீக்கிரம் செருப்பை மாட்டுங்க, மாறிடப்போகுது."

தெருவே கிறுக்குப் பிடித்ததுபோல் வெளியே வந்தது. தையல்காரர் மெஷினை வாசலில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடினார். மாமனாருக்கும் இதய நோய்தான். அவர் மகளோடு பந்தயம் ஓடினார்.

"அப்பா, கள்ளாட்டம். நான் சொல்றதுக்குள்ள ஓடிட்டீங்க."

"தோத்தவ ஐஸ்கிரீம் வாங்குடி. மாப்ள, நீங்கதான் சாட்சி."

அவளுக்கு விக்கல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கழற்றத்தான் ஏணியில் ஏறினேன். கீழே நின்று கையசைத்தாள். "எம் புருஷன் கைவச்சா காத்தே சுத்தமாயிடும்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். கழற்றாமலே இறங்கிவிட்டேன். என்னிடம் காற்றை அளக்கும் ஒரு கைக்கருவியும் இருந்தது. அது உண்மையைச் சொல்லும். தெருமுனைக்கு வந்ததும் அதை அணைத்துவிடுவேன்.

பனிக்காலத்தில் ஒரு காலை, ஓடிக்கொண்டே சிரித்தவள் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். விக்கல் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

"காத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் டாக்டர்.

அவள் போன பிறகு மாமனார் வெளியே வரவே இல்லை. நேற்றுத்தான் கேட்டார்: "பச்சையா இருந்தா, அவ ஓடுன வழில நானும் கொஞ்சம் நடந்துட்டு வரவா மாப்ள?"

வடிகட்டியில் அழுக்கேறியிருந்தது. நீங்கள் விசாரணைக்குக் கூப்பிட்டனுப்பியபோது புதியதை மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்துவிட்டுத்தான் வந்தேன், ஐயா.

அவராவது கொஞ்சம் சிரிக்கட்டுமே.