எழுபத்திரண்டில் ஒரு பங்கு

சின்னப் போர்வீரர் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் அளவை முடிவு செய்யுங்கள். எந்த நாடு, எந்தப் படை, என்ன வண்ணம் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்யவில்லை. முப்பத்தொரு வருடமாக மூன்று அளவுகளில் வாங்கிக் குவித்துவிட்டு, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நிறுத்த முடியாமல் தனித்தனி அலமாரியில் வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, சார்ஜென்ட். கொஞ்சம் பொறுங்கள்.

நான் நகராட்சியில் நில அளவையாளனாக இருந்தவன். டவுன்ஸ்வில்லில் இன்றைக்கு நிற்கிற வேலிகளில் பாதி என் கோட்டின் மேல்தான் நிற்கின்றன. ஒரு தெருவை இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கித் தாளில் இறக்கும்போது முடி அளவு பிசகினாலும் ஒருவனுடைய கொல்லை இன்னொருவனுக்குப் போய்விடும். முப்பத்தைந்து வருடத்தில் என் கோடு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பொம்மை விஷயத்தில் மட்டும்தான் முடிவெடுக்க முடியவில்லை.

அதற்குக் காரணம் பசிபிக் போர்தான். காட்டுக்குள் நடந்தால் பத்துப் பேர், பத்தடி தூரம். கரையில் இறங்கினால் நூறு கப்பல். இரண்டும் ஒரே அளவில் அடங்காது. ஆறு மில்லிமீட்டர் ஆள் அரிசி மணி மாதிரி. ஒரு பட்டாளத்தையே சாப்பாட்டு மேசையில் நிறுத்திவிடலாம், ஆனால் யார் யார் என்று தெரியாது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் ஆள் கட்டைவிரலின் மேல் கணு உயரம் இருப்பான். இருபத்தெட்டு மில்லிமீட்டர் ஆள் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியவன், ஆனால் அவனுக்கு முகம் உண்டு. முகம் என்று வந்துவிட்டால் கண் வரைய வேண்டும்.

என் அப்பா நியூ கினியிலிருந்து மலேரியாவோடு திரும்பியவர். அங்கே நடந்ததைப் பற்றி வாய் திறந்ததில்லை. "அவுங்கப்பா சொல்லாததையெல்லாம் இவரு மேசையில நிக்க வச்சுக் கேட்டுக்கிட்டிருக்காரு" என்று என் மனைவி நோயலீன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்போது அவள் நிறையப் பேசுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போய்விட்டது. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. டீ வேண்டுமா என்றால் 'சரி' என்பாள். வலிக்கிறதா என்றாலும் 'சரி'. உன் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் 'சரி' என்றாள். இடது கையில் மட்டும் பலம் குறையவில்லை. ஒருநாள் வண்டி ஓடும்போதே கதவைத் திறந்துவிட்டாள். அதிலிருந்து அவளைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, உள்ளிருந்து கதவு திறக்காதபடி பூட்டைப் போட்டுவிடுவேன். இது அவளுடைய பாதுகாப்புக்காகத்தான்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனம் ஓடுகிற அறை ஒன்றுதான். அது முன்னறை. பொம்மைகள் இருந்தது அங்கே. பழைய பிளாஸ்டிக் வெப்பத்தில் நொறுங்கிப்போகும், துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக உடைந்து விழும். நோயலீன் கட்டில் பின்பக்க வராந்தாவில் இருந்தது. அங்கே நல்ல மின்விசிறி போட்டிருந்தேன். போன மாதம் பிரிஸ்பேனிலிருந்து என் மகள் கெர்ரின் வந்து, வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன்ப்பா, பொம்மைக்கு ஏசி, பொண்டாட்டிக்கு ஃபேனா?"

"அதுங்களுக்குச் சூடு ஆகாதும்மா."

"அம்மாவுக்கு மட்டும் ஆகுமா? இங்க பாரு, டிசம்பர் ரெண்டாந்தேதி ஆஸ்பத்திரிக் கட்டில் வருது. அத முன்னறையிலதான் போடப்போறோம். உன்ன எல்லாத்தையும் தூக்கிக் குடுன்னு சொல்லல. ஒரு அளவ மட்டும் வச்சுக்க. மத்த ரெண்டையும் குடுத்துரு. நான் பொறந்ததுல இருந்து எது எதுன்னு முழிச்சுக்கிட்டே இருக்க. இப்பவாவது முடிவு பண்ணு."

பிறகு அவள் அம்மாவிடம் போய்க் குனிந்து, "அந்த ரூமு ஒனக்கு வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

"சரி" என்றாள் நோயலீன்.

"எதக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவா" என்றேன்.

"இல்லப்பா. இந்தத் தடவ நெசமாத்தான் சொல்றா."

கெர்ரின் பேசியது நியாயம்தான். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் ஒரு அளவைத் தேர்ந்தெடுப்பதாக ஒத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சார்ட்டர்ஸ் டவர்ஸிலிருந்து க்ளெனிஸ் பென்கெல்லி போன் செய்தார். அவருடைய கணவர் அத்தோலும் என்னைப் போலவே சேர்க்கிறவர். இருபது வருடம் கடிதத்தில் பழகியிருக்கிறோம், நேரில் பார்த்தது இரண்டு தடவை. ஆகஸ்ட்டில் இறந்துவிட்டார். "நான் மெக்காய்ல தங்கச்சி வீட்டோட போறேன், மெர்வ். திங்கக்கிழமை வேன் வருது. சனிக்கிழமை வந்து வேணுங்கறத எடுத்துக்கங்க. மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான்" என்றார். அத்தோலிடம் இரண்டு அளவுகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவெடுத்துவிடலாம் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமைகளில் நோயலீனைப் பார்த்துக்கொள்ள லோசா என்ற பெண் வருவாள். அன்று காலை ஏழு மணிக்கு அவளைப் போனில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொன்னேன்.

"இன்னிக்கு நானே அவள வெளிய கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்."

"முப்பத்தொம்போது டிகிரின்னு சொல்றாங்க அங்கிள். தண்ணி நெறையக் குடுங்க. தொப்பி மறந்துறாதீங்க."

தொப்பி போட்டுத்தான் கூட்டிப்போனேன். நீலப்பூ போட்டது, அவளுக்குப் பிடித்தது. வழியில் மிங்கெலா என்ற ஊரைத் தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் பெரிய மாமரம். அதன் நிழலில் இரண்டு வண்டி நிற்க இடம் இருந்தது. நான் வாசல் படிக்கு நேராக, வெயிலில் நிறுத்தினேன். பெட்டிகளைத் தூக்கிவர அதுதான் பக்கம். நாய் குரைத்தால் அவள் பயப்படுவாள் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். அந்த வீட்டில் நாய் கிடையாது. "வண்டியிலயே இருக்கியா?" என்று கேட்டேன். 'சரி' என்றாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் பொம்மைகளில் இருபதை ஒரு தட்டையான பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். அது முன் இருக்கையில் இருந்தது. அதை உடனே கையோடு உள்ளே எடுத்துப்போனேன். பூட்டிய வண்டி அந்த வெயிலில் இருபது நிமிடத்தில் ஐம்பத்தைந்தைத் தாண்டும். போன கோடையில் வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்பசை இளகிவிடும்.

க்ளெனிஸ் கலகலப்பான மனுஷி. கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க, வாங்க. அத்தோலு செத்தும் என்ன விடல, தெரியுமா? நேத்துப் பாத்ரூம் போக எந்திரிச்சேன், கட்டிலுக்கடியில ஒரு ஜப்பான்காரன் ஒளிஞ்சிருந்து குதிகால்லயே குத்திட்டான். எம்பது வருசமாச்சு, இன்னும் சரணடையல பாருங்க." சிரித்துவிட்டுக் கேட்டார்: "நோயலீனக் கூட்டிட்டு வரலியா?"

"வீட்ல இருக்கா. லோசா பாத்துக்கறா" என்றேன்.

இது பொய். இதை நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன்.

வேலை செய்யும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அத்தோலின் மேசை ஜன்னலோரம் இருந்தது. ஜன்னல் வழியே என் வண்டி தெரிந்தது. பின் கண்ணாடிகள் கறுப்புத் தாள் ஒட்டியவை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. க்ளெனிஸ் டீ போட்டுக்கொண்டுவந்தார். உப்புக்கண்ட மாட்டிறைச்சியும் ஊறுகாயும் வைத்த ரொட்டி கொடுத்தார். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பன்னிரண்டே காலுக்குத் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. மோதிரம் போட்ட கை கண்ணாடியில் தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. க்ளெனிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"அதென்ன சத்தம், டொக்கு டொக்குன்னு?"

"கூரைத் தகரம். வெயில்ல விரியுது."

"ஆமா. ஆணி மாத்தணும், ஆணி மாத்தணும்னு சொல்லிச் சொல்லியே போயிட்டாரு மனுசன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைச் சாமான்களைக் கட்டப் போய்விட்டார்.

அத்தோல் இருபத்தெட்டு மில்லிமீட்டரில் கைதேர்ந்தவர். காயம்பட்ட ஒருவனைத் தூக்குக்கட்டிலில் வைத்து நியூ கினியின் பாப்புவாக்காரர்கள் நான்கு பேர் சுமந்து வருகிற மாதிரி ஒன்று செய்திருந்தார். படுத்திருப்பவனுக்கு ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் திறந்திருந்தது. அதில் வெள்ளை, கரு, கருவுக்குள் ஒரு ஒளிப்புள்ளி, எல்லாம் இருந்தன. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவன் பார்த்தான். அதை எடுத்துக்கொள்ளலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அதை எடுத்தால் பெரிய அளவு என்று ஆகிவிடும். அப்புறம் வீட்டில் இருக்கிற முந்நூறு பேருக்கும் நான் கண் வரைந்தாக வேண்டும். அதைச் செய்தித்தாளில் சுற்றி, வேண்டாத பெட்டியில் வைத்தேன்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கண் வேண்டியதில்லை. புருவத்துக்குக் கீழே ஒரு பழுப்பு நிழல் போட்டால் போதும். ஒரு கை தூரத்தில் அது முகம் மாதிரியே இருக்கும், ஆனால் நம்மிடம் எதுவும் கேட்காது. காட்டுக்கும் ஒத்துவரும், ஒரு சின்னப் படகைக் கரையில் நிறுத்தினாலும் ஒத்துவரும். ஒரு மணி இருபதுக்கு முடிவு செய்தேன். முப்பத்தொரு வருடத்துப் பாரம் இறங்கிவிட்டது. பசி எடுத்தது. மூன்றாவது ரொட்டியைச் சாப்பிட்டேன்.

தட்டும் சத்தம் அதற்குள் நின்று நின்று வர ஆரம்பித்திருந்தது. கடைசித் தட்டு ஒன்று நாற்பதுக்கு.

பிறகு பெட்டிகளை அடுக்கினேன். மூன்றரைக்கு க்ளெனிஸ் ஒரு பெட்டியையும் நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மூன்றையும் டிக்கியில் வைத்துத் துணி போர்த்தினேன். அதற்கப்புறம் பின்கதவைத் திறந்தேன். க்ளெனிஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் "மறந்துட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அந்த ஒரு சொல்லை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கெர்ரின் வந்தாள். இந்த ஸ்டேஷன் வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கப்பாவுக்கு நெனவு தப்புதுங்க. எவ்வளவோ நாளா தப்பியிருக்கு, நான்தான் கவனிக்கல. அம்மாவ லோசாகிட்ட விட்டுட்டு வந்ததா நெசமாவே நெனச்சிருக்காரு. அவர ஒண்ணும் பண்ணாதீங்க" என்று உங்களிடம் சொன்னாள். நீங்களும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "கவலப்படாதீங்க மெர்வ், எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றீர்கள். டாக்டர் வந்து நினைவைச் சோதிக்க என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் அதிர்ச்சியில் சில சமயம் இப்படித் தெளிவாக இருப்பார்கள் என்று எழுதிக்கொண்டார்.

நேற்று கெர்ரின் விவரமாகச் சொன்னாள். நான் இனிமேல் தனியாக இருக்கக் கூடாதாம். பிரிஸ்பேனில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். நடைபாதையெல்லாம் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி போட்டிருக்கிறார்களாம். கதவில் என் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைப்பார்களாம். "பொம்மைங்கள ஒரு பெட்டியில கொஞ்சம் கொண்டுவந்து தர்றேம்ப்பா, நீ சும்மா கையில வச்சுக்கிட்டு இருக்கலாம்" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினாள்.

நீங்கள் நல்ல மாதிரியாக நடந்துகொண்டீர்கள், சார்ஜென்ட். வக்கீல் வரட்டும் என்று இப்போதும் சொல்கிறீர்கள். வேண்டாம். உங்கள் காகிதத்தில் 'மறந்துவிட்டார்' என்று ஒரு வரி இருக்கிறது. தப்பான ஒன்று பதிவில் நிற்பதை என்னால் சகிக்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

நான் எதையும் மறக்கவில்லை. லோசாவை வரவேண்டாம் என்று சொன்னபோதே தெரியும். கண்ணாடியை ஏற்றியபோதும் தெரியும். தட்டிய சத்தம் கூரை இல்லை என்று தெரியும். அந்த வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் நிலையம் நான்கு தெரு தள்ளி இருக்கிறது, வரும்போதே பார்த்தேன். ஒன்று நாற்பதுக்குப் போய்க் கதவைத் திறந்திருந்தால் அவளைப் பிழைக்கவைத்திருப்பார்கள். அதனால்தான் மூன்றரை வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். நேரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. எழுதி முடித்ததும் கெர்ரினைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பாவம், மூன்று நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். அப்பா நல்ல நினைவோடுதான் இருக்கிறார் என்று தெரிந்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.