மஞ்சள் கவுனுக்கு ஒரு மன்னிப்பு

— காது சுட்டுடுச்சாடி? என் தப்புதான். சீப்பு இன்னும் கொஞ்சம் ஆறியிருக்கணும்.

— சுடட்டும் வெர்டி. நியூயார்க்ல எனக்கு யாரு இப்படி அடுப்புல சீப்பைச் சூடாக்கி, சுருட்டை முடியை நீட்டி நேராக்கி விடறாங்க?

— பன்னெண்டு புத்தகம் எழுதினவ. கறுப்பி எழுதினதை வெள்ளைக்காரப் பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குதுங்க. நாளைக்கு நம்ம சர்ச்சுல முதல் பெஞ்சுல உக்காரப்போற. பரட்டைத் தலையோட விட்டா என்னைத்தான் ஏசுவாங்க. குனி.

— காலையில பஸ் இருக்கு. போயிடலாம்னு பாக்கறேன்.

— நாளைக்கு உனக்கு விருந்துன்னு கூடை கூடையா கோழி பொரிக்கறாங்க. அதை யாரு திங்கறது?

— விளையாடாதேடி. புதுப் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நாளைக்கு சபை மொத்தமும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கப்போகுதாம்.

— எதுக்காம்?

— உனக்குத் தெரியும்.

— நீ சொல்லு.

— பதினாறு வயசுல, கல்யாணமாகாம வயித்துல பிள்ளையோட, ஜனங்க முன்னால என்னை நிக்கவெச்சு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்களே, அதுக்கு.

— உன்னையா?

— புத்தகத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— புத்தகத்தை விடு நெட்டா. நிக்கவெச்சது உன்னையா?

— உன்னை.

— அப்பாடா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அன்னைக்கு அங்க இருந்த சபை மூப்பருங்ககூட வாயைத் தொறக்கறதில்ல. மறந்துட்டாங்களோ, இதுதான் வசதின்னு இருக்காங்களோ.

— 'நான்'னு எழுதினா உன் பேரு வெளியே வராதுன்னு நெனச்சேன். அப்புறம் பேட்டியில ஒருத்தர், இது உங்க கதையான்னு கேட்டார். இல்லேன்னு சொல்லியிருக்கணும். சும்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கை தட்டிட்டாங்க.

— என் பேரை மட்டும் விட்டுட்ட. மத்ததெல்லாம் எடுத்துக்கிட்ட. நான் போட்டிருந்த மஞ்சக் கவுனு, பெஞ்சுல இருந்த பொம்பளைங்க விசிறியால மூஞ்சியை மறைச்சது. நான் பேச வாயெடுத்தப்ப பிள்ளை உள்ளே உதைச்சுதே, அதை உனக்கு மட்டும்தான்டி சொன்னேன்.

— அந்தப் பக்கத்தைத்தான் எல்லா ஊர்லயும் வாசிக்கச் சொல்றாங்க. வாசிக்கும்போது உன் மூஞ்சி வரும். ஆனா நிறுத்தினதில்ல.

— நல்லாத்தான் வாசிக்கற. ரேடியோவுல கேட்டு அழுதேன். எம் பையன் லோனி படிச்சுட்டு, 'நெட்டா அத்தை பாவம்மா'ன்னான். உதைச்சவனே நீதான்டான்னு எனக்குச் சொல்ல வரல.

— வெர்டி, இப்பவே போய் பாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நாளைக்கு அதை நிறுத்திடுவார்.

— நிறுத்திட்டா? எனக்கு வரவேண்டிய மன்னிப்பு அது. ஒருவழியா வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. அதையும் நீயே திருப்பி அனுப்புவியா?

— அப்ப நான் என்னதான் செய்யட்டும்?

— தலையை நேரா வெச்சுக்கோ, பின்பக்கம் இன்னும் முடியல. நாளைக்குப் பாஸ்டர் உன் பேரைக் கூப்பிடும்போது நீ உக்காந்தே இரு. நான் எழுந்து நிக்கறேன்.