தண்ணி வரிசை

எலுமிச்சை மரத்துக்கு யார் வேண்டுமானாலும் மருந்து அடிக்கலாம். எண்ணுவதுதான் கடினம். ஒரு தளிரில் எத்தனை அசுவினிப் பூச்சி உயிரோடு இருக்கிறது, எத்தனை செத்தது என்று லென்ஸ் வைத்து எண்ண வேண்டும். பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

நசரத்பேட்டைத் தோப்பில்தான் இந்தச் சோதனை. மூன்று பக்கமும் அடுக்குமாடிச் சுவர், ஒரு கேட். எட்டு வரிசை மரம். ஏழு வரிசைக்கு மருந்து, எட்டாவதுக்கு வெறும் தண்ணீர். அதில் பூச்சி பிழைத்திருந்தால்தான் மற்ற ஏழில் கொன்றது மருந்து என்று சொல்ல முடியும்.

அடிப்பவர் முகமது இஸ்மாயில், பூந்தமல்லிக்காரர். எட்டாவது வரிசைக்கு வந்தால் ஒரே கேலிதான். "நம்ம வேலையே தண்ணி அடிக்கிறது சார். எங்க ஊட்ல சொல்லிடாதீங்க." நான் சிரிப்பேன். அவரை எனக்குப் பிடிக்கும்.

சுவரில் மோதித் திரும்பிய காற்று தண்ணி வரிசைக்கும் மருந்தைக் கொண்டுபோனது. அங்கேயும் அசுவினி செத்தது. மூன்று முறை சோதனை இப்படிக் கெட்டது. நான்காவதும் கெட்டால் வேலை இல்லை என்று எங்கள் அம்பத்தூர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நான்காவதின் முதல் சுற்றிலும் அப்படியே ஆனது. தோப்புக்கு ஒரு கேட்டாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. வேறொரு தோப்பிலிருந்து அசுவினி அப்பிய தளிர்களைக் கிள்ளி வந்து எட்டாவது வரிசையில் கட்டினேன்.

இஸ்மாயில் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், செத்த பூச்சிக்கு வாரிசு கொண்டாந்து உடுறீங்களா? இத்த நம்பி நாளிக்கு ஒருத்தன் தோட்டத்துல அடிப்பான் சார். வியாழக்கெயம மேடம் வந்தா நான் சொல்லிடுவேன்."

மேடம் என்றால் கிருஷ்ணப்பிரியா. அறிக்கையில் கையெழுத்திடுபவர்.

முகமூடி கொடுத்திருந்தோம். மூச்சு முட்டுகிறது என்று இஸ்மாயில் போட மாட்டார். துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுவார். நனைப்பது எப்போதும் எட்டாவது வரிசைக்கு அடிக்கும் தண்ணீர் இருக்கும், 'தண்ணி' என்று எழுதிய நீலக் கேனில்தான். அது ஒன்றுதான் சுத்தம் என்பார். வியாழக்கிழமை காலை, இரண்டாம் சுற்றுக்கு முன், அந்தக் கேனில் மருந்தை ஊற்றி வைத்தேன். தோப்பு முழுக்க அதே வாடை. அவருக்குத் தனியாகத் தெரியவில்லை.

தண்ணி வரிசையைத்தான் முதலில் அடிப்போம். முதல் மரம் முடியும்போதே தள்ளாடினார். பக்கத்துக் குடியிருப்பின் காவலாளி சுப்பராயன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், காலங்காத்தாலயே தண்ணி அட்ச்சிகீறாரா?"

"ஆமாம்" என்றேன். எட்டாவது வரிசையில் அவர் வேலை அதுதான். சுப்பராயன் சிரித்துக்கொண்டே போனார். நான் ஏழாவது வரிசையில் எண்ணிக்கொண்டிருந்தேன். மேடம் வந்தபோது இஸ்மாயிலின் மூச்சு நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் மறுபடி எண்ணப் போனேன். அவர் அடித்த அந்த முதல் மரத்தில் ஓர் அசுவினிகூட மிஞ்சவில்லை. அதையும் சேர்த்திருந்தால் அறிக்கை பொய்யாகியிருக்கும். நீக்கிவிட்டேன்.